விரல் நுனியில் ஒரு சொட்டு

இன்றும் காலை பத்தரைக்கு என் கைபேசியில் மணி அடிக்கிறது. அடுப்படியில் நின்றாலும் சரி, வேதம் வாசித்துக்கொண்டிருந்தாலும் சரி, உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. இரண்டு அடி வைத்த பிறகுதான் குத்துவதற்கு விரல் இல்லை என்பது உறைக்கும். சென்னையில் இருக்கும் மகள், ஒவ்வொரு முறை பேசும்போதும் அந்த அலாரத்தை எடுத்துவிடச் சொல்கிறாள். எடுக்கத் தெரியாமல் இல்லை. அது அடிக்கிற அரை நிமிஷம் என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். நூலைச் சோதிக்கிற அறையில் இருந்தேன். ஒவ்வொரு மெஷினிலிருந்தும் நூல் எடுத்து, அளந்து சுற்றி, எடை போட்டு, இழுத்து அறுத்துப் பார்த்து, இது தேறும் இது தேறாது என்று எழுதுவது என் வேலை. எங்கோ நூல் கனக்கிறது என்றால் ஒவ்வொரு மெஷினாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒன்று மாட்டும். மாட்டாமல் போனதே கிடையாது. "அந்தம்மா நம்ம மூச்சையும் எடை போட்டுரும்" என்று ஒரு மேஸ்திரி சொன்னதாகக் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. ஆலையை மூடி, கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அந்தப் பெருமை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அவர் கடலை மிட்டாய் கம்பெனியில் பாகு மாஸ்டர். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கம்பெனி. வெல்லப் பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார். அது உருண்டு இறுகியதும் எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார். இழுபட்டால் இன்னும் வேக வேண்டும். கண்ணாடி மாதிரி உடைந்தால் அந்த நொடியே சட்டியை இறக்கி, வறுத்த கடலையைக் கொட்ட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கசக்கும், முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். கல்யாணமான புதிதில் எங்கள் அடுப்பில் ஒரு கிண்ணம் பாகு காய்ச்சி எனக்கு அதைச் செய்து காட்டினார். நேரத்தைக் கணக்குப் பண்ணி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "வெல்லம் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காதுட்டி. விரலுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்கு அது விஞ்ஞானமாகப் படவில்லை.

செருப்பு வார் உரசி வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது. ஒரு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டரிடம் போனோம். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, ரொம்ப நாளாகவே சர்க்கரை இருந்திருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றார். மாத்திரை எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "மாத்திரை பாதி வேலைதான் பார்க்கும். மீதி உங்க அடுப்படியில இருக்கு. எதைச் சாப்பிட்டா ஏறுதுன்னு வீட்டுலயே சோதிச்சு எழுதிட்டு வாங்க. சர்க்கரை அடங்கலன்னா புண்ணு ஆறாது. முதல்ல விரலை எடுக்கணும். அதுக்கு மேல ஏறிட்டா காலையே எடுக்க வேண்டி வரும்" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது அவருக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்குப் பயம் இருந்ததுதான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சுறுசுறுப்பும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருஷமாகச் சும்மா கிடந்தவளுக்கு மறுபடியும் ஒரு சோதனை அறை கிடைத்துவிட்டது.

அன்றைக்கே விரலில் குத்திப் பார்க்கிற மெஷினும் ஒரு நீள நோட்டும் வாங்கினேன். ஒரு சாப்பாட்டுக்கு ஒரு பக்கம். சாப்பிடுமுன் ஒரு குத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சாப்பாட்டின் குணம். உளுந்து கூட்டிப் போட்ட இட்லி ஒரு பக்கம், ரேஷன் கடை அரிசி இட்லி ஒரு பக்கம். கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, சோளத் தோசை, கேப்பைக் களி எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினேன். கம்பு குடித்தால் சுகர் ஓடிவிடும் என்று தெருவில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். செம்பு நிறையக் கரைத்துக் குடித்த கம்பங்கூழ் சோற்றுக்குச் சளைக்காமல் ஏற்றியது. அதையே கெட்டியாகக் கிண்டி, கீரையோடு கொஞ்சமாக வைத்தபோது அடங்கியது. இதை நான் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்ல, அந்த அம்மா எனக்குக் கம்பின் மேல் ஏதோ முன்பகை இருப்பது போலப் பார்த்தாள்.

அவருக்கும் ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. தட்டு வந்ததும் "இன்னைக்கு யாருக்கு விசாரணை?" என்று கேட்பார். சேப்பங்கிழங்கு தோற்றுப்போன அன்று, "பாவம், நல்ல கிழங்கு. ஜாமீன் கிடையாதா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே சேப்பங்கிழங்கின் மேல் கோடு போட்டேன்.

காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். எட்டரைக்குச் சாப்பிட வீட்டுக்கு வருவார். பத்தரைக்கு நான் கம்பெனி கேட்டுக்கு மெஷினோடு போய் நிற்பேன். உள்ளே வெளியாட்களை விடமாட்டார்கள், தின்கிற பொருள் செய்கிற இடம். அவர் தலையில் துணித் தொப்பியோடு வெளியே வருவார். விரலில் வெல்லம் ஒட்டியிருந்தால் மெஷின் தப்பாகக் காட்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் ஒரு பாட்டில் தண்ணீரும் சோப்பும் கொண்டு போவேன். நகக்கண் வரைக்கும் நானே தேய்த்துக் கழுவி, துடைத்து, உலர விட்டுக் குத்துவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படியே. காலையில் எழுந்ததும் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. மெஷினுக்கான பட்டை விலை அதிகம், அதனால் ஒரு நாளைக்கு நாலு குத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக இறங்கியது. புண்ணின் ஓரம் காய்ந்து தோல் கட்டத் தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் நன்றிக் காணிக்கை போட்டேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறியது. காலையில் வெறும் வயிற்றில் பரவாயில்லாமல் இருக்கும், பத்தரைக்குப் பார்த்தால் எங்கோ போய் நிற்கும். அப்படியானால் காலைச் சாப்பாட்டில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். நாலு இட்லி மூன்றானது, மூன்று இரண்டானது. சட்னியில் தேங்காயைக் குறைத்தேன். தக்காளியின் மேல்கூடச் சந்தேகம் வந்தது. இறங்கவில்லை. மதியத்துக்கும் அதே கதை. நான் விலக்க விலக்க எண் ஏறிக்கொண்டிருந்தது. மெஷின் பழுதாகிவிட்டதோ என்று எனக்கே குத்திப் பார்த்தேன். ஒழுங்காகக் காட்டியது.

பிறகு ஒரு நாள் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் நன்றாக இருந்தன. அதே இரண்டு இட்லி, அதே சட்னி. ஞாயிறு மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி ஒரு பிடி சோறு கூடவே தின்றிருக்கிறார், அப்போதும் இவ்வளவு ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் என் கண் முன்னால் இருக்கிறார். மற்ற நாட்களில் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆலையில் கோளாறு மாட்டுகிறபோது வருகிற அதே படபடப்பு.

கம்பெனி வாசலில் இருக்கிற டீக்கடையில் முதலில் விசாரித்தேன். "அண்ணாச்சிக்குச் சீனி இல்லாம கடுங்காப்பிதாம்மா. வடை கூடத் தொட மாட்டாவ" என்றார் கடைக்காரர். அவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்து கால் கழுவுமுன்பே கேட்டுவிட்டேன். "கம்பெனியில மிட்டாய எடுத்து வாயில போடுதீங்களா?"

"கிறுக்கா ஒனக்கு? முப்பது வருஷமா அந்த வாடையிலயே நிக்கேன். மிட்டாயப் பாத்தாலே கொமட்டுது. ஒரு துண்டு தின்னதில்ல."

"பெறவு எப்படி ஏறுது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீதான பாக்க."

மேசையில் இருந்த வேதப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "இதுல கை வச்சுச் சொல்லுங்க. வெளிய எதுவும் தின்னலன்னு."

அவர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "சத்தியம் பண்ணக் கூடாதுன்னு அதுக்குள்ளதான எழுதியிருக்கு. நான் இல்லன்னு சொன்னா இல்லதான்."

அவர் அப்படித்தான். கோர்ட்டில் ஒரு தடவை சாட்சிக்குக் கூப்பிட்டபோதும் சத்தியம் செய்யாமல் சொல்ல அனுமதி கேட்டவர். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தக் கை பின்னால் போனதை மட்டும்தான் நான் பார்த்தேன். தப்புச் செய்தவன் கை என்று எனக்குள்ளே எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சிரிப்பு இல்லை. நான் சாப்பாட்டைச் சோதிப்பதை விட்டுவிட்டு அவரைச் சோதிக்கத் தொடங்கினேன். வெளியே தின்கிறார் என்றால் வீட்டில் அதற்கு ஈடாகக் குறைத்தாக வேண்டும். இரண்டு இட்லி ஒன்றரை ஆனது. மதியம் ஒரு கரண்டிச் சோறு, மீதியெல்லாம் சுரைக்காயும் புடலங்காயும் உப்புச்சப்பில்லாமல். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், பிறகு இன்சுலின் போடச் சொன்னார். "பத்தியம் இருக்காரா?" என்று கேட்டபோது நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்து கால் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் தட்டை வழித்துவிட்டு, "ஏட்டி, இன்னொரு இட்லி தாரியா? பசிக்குது" என்றார். குரலை ரொம்பத் தாழ்த்திக் கேட்டார். நான், "கம்பெனியில கெடைக்கும்லா, அங்கன போயித் தின்னுங்க" என்றேன். இட்லிச் சட்டியில் ஆறு இட்லி ஆவி பறக்க இருந்தது. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் சொன்ன அந்த வார்த்தையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அடுப்படிக்குள் போகும்போதெல்லாம் அது எனக்கு முன்னால் போய் நிற்கிறது.

அன்றும் பத்தரைக்குப் போனேன். வெயிலில் வந்து நின்று விரலை நீட்டினார். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். முன்பெல்லாம் அப்படி மூடமாட்டார். எண்ணைப் பார்த்ததும் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். "நாளைக்குக் கொறையும்" என்று என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. சுண்டுவிரலை எடுத்தார்கள். அது ஆறுவதற்குள் பக்கத்து விரல் கறுத்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று நாள் குறித்திருந்தார்கள், அதற்கு முன்பே விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். கடைசி நாள் மதியம் நினைவு தெளிந்து, எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று மகளிடம் கேட்டாராம். நான் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தேன்.

அடக்கம் முடிந்து ஏழெட்டு வாரம் கழித்து, அவருடைய தூக்குவாளியும் துண்டும் கம்பெனியிலேயே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். போனேன். கேட்டில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே கடலை வறுக்கிற அம்மா, அவரோடு பல வருஷம் பக்கத்து அடுப்பில் நின்றவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க மதினி. அண்ணன் நின்ன எடத்தப் பாத்துட்டுப் போங்க" என்றாள். முதலாளியும் தடுக்கவில்லை. என் தலையிலும் ஒரு துணித் தொப்பியை மாட்டிவிட்டார்கள்.

உள்ளே சூடும் வெல்ல வாடையும் மூச்சை அடைத்தது. அவர் இடத்தில் இப்போது வேறொருவர் நின்றுகொண்டிருந்தார், கழுகுமலைப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். பாகிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருண்டையை எடுத்து விரலால் நசுக்கினார். உடைந்தது. சட்டியை இறக்கினார்.

நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அந்த அம்மா சொன்னாள். "இவிய விரல்லயே பாக்காவ. அண்ணனுந்தான் மொதல்ல அப்படிப் பாத்தாவ. கடைசி ஒரு வருஷமா பல்லுலதான் பாத்தாவ."

"பல்லுலயா?"

"ஆமா மதினி. உருண்டையக் கரண்டியில எடுத்துக் கடிச்சுப் பாப்பாவ. டக்குனு ஒடைஞ்சா பதம். நீங்க ஊசி குத்த ஆரம்பிச்ச பெறவு வலது கை வெரல்ல பாகு பட்டாச் சுள்ளுங்குதுன்னாவ. குத்துன எடத்துல சூடு பட்டா உயிர் போகும்லா? வெளிய ஆறுனாப்புல இருக்கும், நசுக்குனா உள்ள சூடு இருக்கும். வெரல்ல தொடவே முடியலன்னுட்டு வாய்க்கு மாத்திக்கிட்டாவ."

நான் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். "ஒரு நாளைக்கு எத்தனை சட்டி?"

"இருவத்தஞ்சு போகும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவ, மூணு தடவ பாக்கணும்லா."

"கடிச்சிட்டுத் துப்பிருவாவளா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அடுப்புக்கிட்ட நின்னு எங்கன துப்ப? முழுங்கிருவாவ. நான் ஒரு தடவ கேட்டேன், அண்ணே ஒங்களுக்குச் சுகர்லா, இது ஆகுமான்னு. இது என்ன திங்குறதா, வேலைல்லான்னு சொல்லிட்டாவ. வீட்டுல ஊசி வலிக்குன்னு சொல்ல வேண்டியதுதானன்னும் கேட்டேன். வேண்டாம்மா, அவளே எனக்காவத்தான் வெயில்ல வந்து நிக்கா, வலிக்குன்னா குத்த மாட்டா, பெறவு என் காலு போயிரும்ன்னாவ."

இதை அவள் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொன்னாள்.

அவரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. லெந்து நாட்களில் உபவாசம் இருக்கும்போது நானே எத்தனையோ தடவை குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்திருக்கிறேன். உபவாசத்தை முறித்துவிட்டேன் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. சமைக்கிறவள் ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் மூச்சு விடுவது போலத் தெரிந்த விஷயம். அவர் பொய் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்பது மட்டும் என் மூளையில் ஏறவில்லை. எல்லா மெஷினையும் விலக்கி விலக்கிப் பார்த்தேன். கோளாறு என் கையில் இருந்த ஊசியில் தொடங்கியது. நான் குத்தினேன், அதனால் அவர் கடித்தார். அவர் கடித்ததால் ஏறியது. ஏறியதால் நான் மறுபடி குத்தினேன்.

அந்த அம்மா சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு ஒரு சொல்தான் காதில் நின்றது. வலது கை. எங்கள் பக்கம் யாருக்கும் எதையும் இடது கையால் நீட்ட மாட்டோம், இடது கையால் வாங்கவும் மாட்டோம். விரலைக் கொடுங்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் அவர் மரியாதையாக வலது கையை நீட்டினார். நானும் அதைத்தான் பிடித்தேன். பதம் பார்க்கிற கையும் அதுதான். ஒரு வருஷம், ஒரு நாளைக்கு நாலு குத்து, ஐந்தே விரல். இடது கையைக் கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவ்வளவு அளக்கத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் கைகளை மார்பின் மேல் சேர்த்து வைத்தது நான்தான். வலது கையின் விரல் நுனி எல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி, தோல் தடித்துப் போயிருந்தது. இடது கையில் ஒரு வடுகூட இல்லை. அன்று அது என் கண்ணில் பட்டது. பட்டும், வழக்கம்போல இடது கையை அடியில் வைத்து, அதன் மேல் வலது கையை எடுத்து வைத்தேன்.